தானியங்கிக்கு ஓர் எடுபிடி

ஹைதராபாத்தில் கார் நிறுத்தவென்று வீட்டு முன்னால் கட்டிய ஷெட்டில் காரைத் தவிர எல்லாம் இருக்கும். எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு ஷெட்டில் கர்ரி பாயிண்ட், அடுத்ததில் புடவைக்கு ஃபால் பீகோ, அதற்கடுத்து ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் டியூஷன், முனை வீட்டில் இட்லி மாவு. எங்கள் ஷெட்டில் இருப்பது ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷின். கணினி சொல்கிறபடி அலுமினியத்தைக் குடைந்து பாகம் செய்கிற தானியங்கி. தெருவில் கைக்காசு போட்டு ஓட்டப்படும் ஷெட் அநேகமாக இது ஒன்றுதான்.

வாங்கும்போது எனக்குச் சில நியாயங்கள் இருந்தன. முதலாவது பூர்வீகம். கோயம்புத்தூர். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் பின்னால் லேத் ஓடுவது அங்கே அதிசயமில்லை. முன்கட்டில் சாப்பாடு, பின்கட்டில் ஜாப் ஆர்டர். பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி.நாயுடு, டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். என் சித்தப்பாவுக்கு இன்றும் கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் உண்டு. சின்ன வயதில் லீவுக்குப் போய் அவர் பட்டறையில் நின்றவன் நான். நின்றவன் என்பதைக் கவனியுங்கள். அவர் என்னை எதையும் தொட விட்டதில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

இரண்டாவது நியாயம் இந்த ஊர். ஹைதராபாத் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சார்மினாரும் பிரியாணியும் சாஃப்ட்வேரும்தான். ஆனால் இது பழைய மெஷின் ஊர். நிஜாம் காலத்திலேயே, 1943இல், செகந்திராபாத் கவாடிகுடாவில் பிராகா டூல்ஸ் தொடங்கியாகிவிட்டது. 1968இல் ஐ.நா. உதவியோடு பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் வந்தது. எச்.எம்.டி. வந்தது. எச்.எம்.டி.யில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து, பழைய மெஷின்களைப் புதுப்பித்துத் தருகிற தொழிலாக 1970இல் பாலாநகரில் ஆரம்பித்த எம்.டி.ஏ.ஆர்., பின்னாளில் இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினுக்குப் பாகம் செய்யும் கம்பெனியாக வளர்ந்தது. நான் குடியிருக்கும் நகரே, 1967இல் ஈ.சி.ஐ.எல்.லை நிறுவி நடத்திய டாக்டர் ஏ.எஸ்.ராவின் பெயரில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் சில நிமிஷத்தில் குஷாயிகுடா, செர்லபள்ளி; எந்தச் சந்தில் திரும்பினாலும் லேத் சத்தம். கட்டரும் பேரிங்கும் வேண்டுமென்றால் ராணிகஞ்ச். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு அலுமினியத்தில் ஒரு ஓட்டை போட முடியாதா என்ன?

மூன்றாவது நியாயம்தான் என்னைக் கெடுத்தது. பகலில் நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். சி.என்.சி. மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் மொழி ஜி-கோடு. எழுதிப் பார்த்தேன். ஜி சைபர் என்றால் வேகமாக நகர், ஜி ஒன்று என்றால் வெட்டிக்கொண்டே நகர், எக்ஸ் இத்தனை, ஒய் இத்தனை. அவ்வளவுதான். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையை எடுத்து, எம்.ஐ.டி.காரர்கள் 1952இல் வெற்றிடக் குழாய்களும் துளைபோட்ட நாடாவுமாக ஓட்டிக் காட்டிய வித்தையின் பேரப்பிள்ளை இந்த மொழி. நான் அலுவலகத்தில் எழுதுவதோடு ஒப்பிட்டால் அரிச்சுவடி. “இதுக்குப் போயா பாலிடெக்னிக்ல மூணு வருஷம் படிக்கறாங்க?” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதை மறக்கவேயில்லை. சமயம் வரும்போதெல்லாம் எடுத்து நீட்டுவாள்.

மென்பொருளில் தப்பு செய்தால் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ஷெட்டில் அப்படி நடக்காது. மேலும் கீழும் போகும் இசட் அச்சில் ஐந்து என்று எழுத வேண்டிய இடத்தில் மைனஸ் ஐந்து என்று எழுதினால், கட்டர் ஆகாயத்தில் நகர்வதற்குப் பதிலாக, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குள் நகரும், அதுவும் முழு வேகத்தில். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தெரு நாய்கள்கூட எழுந்து நிற்கும். நிரலின் தலையில் ஜி 21 என்று போட்டால் எண்கள் எல்லாம் மில்லிமீட்டர், ஜி 20 என்றால் அங்குலம். மாறிப் போனால் மெஷின் 25 மடங்கு பெரிய கனவு காணத் தொடங்கும். இரண்டையும் செய்திருக்கிறேன். வைஸின் தாடையில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கின்றன. புதிதாக ஷெட்டைப் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறார்கள்.

இவையாவது கவனக்குறைவு. அடுத்தது சுபாவத்தில் வந்த கோளாறு. நான் பயந்தவன். கட்டர் உடைந்துவிடுமே என்று மெதுவாக ஓட்டுவேன். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 18,000 சுற்று, ஒற்றைப் பல் கட்டர், நகரும் வேகம் நிமிஷத்துக்கு 150 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பல் கடிப்பது 0.008 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பல் கடிக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. சூட்டில் அலுமினியம் இளகிக் கட்டரின் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அப்பிய கட்டர் வெட்டாமல் தள்ளும், தள்ளினால் உடையும். 0.05 மில்லிமீட்டராவது கடிக்கட்டும் என்று வேகத்தை 900க்கு ஏற்றியதும் உடையாமல் ஓடியது, சீவல் பளபளவென்று தெறித்தது. அதாவது கட்டர் உடையக் கூடாது என்று நான் பார்த்த பத்திரம்தான் கட்டர்களை உடைத்தது. ராணிகஞ்சில் எனக்குக் கட்டர் விற்கிறவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஏன் சொல்லப்போகிறார்?

இனி பேரிங் வீடு. சிரிக்காமல் சொல்ல முயல்கிறேன்.

நாச்சாரத்தில் பேக்கிங் மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. அலுமினியக் கட்டையில் 6204 பேரிங் உட்காரும் குழி. இந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். குழியை எச்7 என்ற பொருத்தத்தில் வெட்டச் சொன்னார்கள். அதன் அர்த்தம், குழி 47.000க்குக் குறையக் கூடாது, 47.025ஐத் தாண்டக் கூடாது. 25 மைக்ரான் இடம். மனிதத் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. மே மாதம். ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது டிகிரி. வெட்டி முடித்த சூட்டோடு, உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டேன். 47.010. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பேரிங்கை வைத்தால் விரலாலேயே இறங்கியது. மெஷினின் சக்தியை நினைத்து, அதை வாங்கிய என் புத்தியை நினைத்து, எல்லாவற்றையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாச்சாரம் போனேன்.

அங்கே இன்ஸ்பெக்‌ஷன் அறை ஏ.சி. அறை. சுவரில் 22 டிகிரி என்று காட்டியது. தரம் பார்க்கும் பெண், படிப்பு முடித்து இரண்டு வருஷம் இருந்தால் அதிகம், என் கட்டைகளை வாங்கி மேஜையில் பரப்பிவிட்டு, “சார், கொஞ்ச நேரம் ஆறட்டும், டீ குடிச்சிட்டு வாங்க” என்றாள். ஆறுவதற்கு இதென்ன காபியா என்று மனசுக்குள் சிரித்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்த கேஜ் 46.980 என்றது. பேரிங் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தது. ஒரு கட்டை அல்ல, எல்லாம்.

கணக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். வெட்டிய சூட்டில் கட்டை ஐம்பது டிகிரியில் இருந்திருக்கும். 50லிருந்து 22க்கு இறங்கினால் 47 மில்லிமீட்டர் குழி 30 மைக்ரான் சுருங்கும். எனக்குக் கொடுத்த இடமே 25. இதற்காகத்தான் உலகம் பூராவும் அளவு என்றால் 20 டிகிரியில் எடுத்த அளவு என்று 1931இலேயே முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். நான் அளந்தது ஹைதராபாத் வெயிலை.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டையை மறுபடி மெஷினில் பூட்டி 30 மைக்ரான் மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் ஒருமுறை கழற்றிய பாகத்தை அதே மையத்தில் திரும்பப் பூட்டுவது பெரிய வித்தை. எனக்கு அது வராது. ஆகவே இருபது கட்டைகளையும் ஒன்றொன்றாக மடியில் வைத்துக்கொண்டு, விரலில் உப்புத்தாளைச் சுற்றி, குழியைத் தேய்த்தேன். ஏ.சி. வேண்டுமே, அதனால் படுக்கையறையில். தானியங்கிப் பட்டறையின் கடைசிப் பொருத்தம் ஆள்காட்டி விரலால் முடிந்தது. கட்டிலில் அலுமினியப் பொடி படிந்ததற்கு வீட்டில் என்ன கிடைத்தது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.

மின்சாரம் இன்னொரு ஆசிரியர். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். ஸ்பிண்டில் மோட்டாருக்கு வேண்டியது மூன்று பேஸ். நடுவில் டிரைவ் என்ற பெட்டி ஒன்று இதை அதுவாக மாற்றிக் கொடுக்கும். கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் போர் மோட்டாரைப் போட்டால் எங்கள் விளக்கு கண் சிமிட்டும். வோல்டேஜ் குறைந்தது என்று டிரைவ் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். நல்ல பெட்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் மேஜையை நகர்த்தும் கணினிக்கு இந்தச் செய்தியை யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. நான் அந்த ஒயரைப் போடவில்லை. சுற்றாமல் நிற்கும் கட்டரைக் கணினி அலுமினியத்துக்குள் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போகும், டக் என்று ஒரு சத்தம் வரும்வரை. டிரைவ் நின்றால் மேஜையும் நிற்கும்படி இரண்டு ஒயர் இழுப்பது ஒரு சாயங்கால வேலை. ஒரு டப்பா நிறைய உடைந்த கட்டர் சேர்ந்த பிறகுதான் அந்தச் சாயங்காலம் வந்தது.

ஆளில்லாமல் ஓடுவதுதானே தானியங்கி? ஜப்பானில் ஃபூஜி மலை அடிவாரத்தில் ஓஷினோ என்ற ஊரில் ஃபானுக் கம்பெனி தொழிற்சாலை வைத்திருக்கிறது. ரோபோக்களே ரோபோக்களைச் செய்யும். ஆளே இல்லாததால் விளக்கைக்கூட அணைத்துவிட்டு வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை. எங்கள் ஷெட்டிலும் விளக்கில்லாமல் இருந்த நேரங்கள் உண்டு, ஆனால் அப்போது மெஷினும் நின்றிருந்தது. சரி, விளக்கு எரியட்டும், ஆளாவது இல்லாமல் ஓட்டுவோம் என்று ஒரு கேமராவை மாட்டி, தட்டையான பிளேட்டுகளை வரிசையாகப் பூட்டி, நிரலை ஓட விட்டுவிட்டு அலுவலகம் கிளம்பினேன். மாதாப்பூர் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல்.

மீட்டிங்கில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் போனைப் பார்த்தால், ஒரு பிளேட் பிடியை விட்டுக் கழன்று கட்டரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. போனில் பார்க்க முடிகிறது, நிறுத்த முடியாது. பார்ப்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். கூப்பிட்டேன்.

“அம்மா, ஷெட்டுக்குப் போ. மெஷின்கிட்ட கை வெக்காத. பக்கத்துல செவப்பு பட்டன் இருக்கும், அதை அமுக்கு.”

“எந்தச் செவப்பு? இங்க மூணு செவப்பு இருக்குது.”

ஒன்று கம்ப்ரஸர், ஒன்று தூசி இழுக்கும் மெஷின், ஒன்று அவசர நிறுத்தம்.

“பெருசா, உருண்டையா இருக்கும் பாரு.”

“உருண்டையா ஒண்ணையும் காணோம். ஒரு கம்பி மேல உன் சட்டை தொங்குது.”

அவசர நிறுத்தத்தின் மேல்தான் என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாட்டமான உயரத்தில் கையோடு மாட்ட வசதியாக இருக்கிறதே என்று நானே மாட்டியது. அதை எடு என்று சொல்வதற்குள், “இரு, நான் மெயினை அணைச்சிடறேன்” என்று போய்விட்டாள். வீடு முழுக்க அணைந்தது. மெஷின் நின்றது. இத்தனைக்கும் நடுவில் அந்த ஷெட்டில் சரியாக யோசித்த ஒரே ஆள் அம்மா. மீட்டிங் அறையில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் குரல் புரிந்திருக்கிறது.

சாயங்காலம் வந்து பார்த்தால் இன்னொரு கூத்து. கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். உண்டு. மெயினை அணைத்த பிறகும் அது விழித்திருந்து, உயிரில்லாத மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வகை ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். வைத்தேன் என்று திருப்பிச் சொல்லாது. வைக்காவிட்டாலும் சொல்லாது. சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்று கணினி நம்பும். மேஜை பாதி வழியில் நிற்க, திரையில் நூறு சதவீதம் முடிந்தது என்று பச்சை எழுத்து. எங்கள் அலுவலகத்தில் இப்படிப் பல திட்டங்கள் முடிந்திருக்கின்றன, அதைப் பற்றி எழுத அனுமதியில்லை. அன்றிலிருந்து வீட்டில் நான் இல்லாதபோது மெஷின் ஓடுவதில்லை. சட்டைக்கு ஆணி அடித்தாயிற்று.

தெருவில் என்னைப் பற்றி நல்ல பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டதும் ஒருமுறை வினையாகிவிட்டது. எதிர்வீட்டு மாமியின் மிக்ஸியில் ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் வரும் கப்ளர் தேய்ந்து போனது. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரப்பர் சாமான். “அடிக்கடி தேயுது தம்பி” என்றார். தேயாத ஒன்றைச் செய்து தருகிறேன் மாமி என்று அலுமினியத்தில் வெட்டிக் கொடுத்தேன். பளபளப்பு, கச்சிதம். மாமி அதைத் தெரு முழுக்கக் காட்டினார். கப்ளர் தேயவே இல்லை. தேங்காய்ச் சில்லு மாட்டி ஜார் இறுகியபோது, கப்ளருக்குப் பதில் ஜாரின் அடியில் இருக்கும் புஷ் போய்விட்டது, பிளேடும் வளைந்தது. அது ரப்பராக இருந்ததே, முட்டுப்பட்டால் முதலில் அது கிழிந்து மற்றதைக் காப்பாற்றத்தான். நான் செய்தது பலிகொடுக்க வேண்டிய இடத்தில் பலசாலியை நிறுத்தியது. புது ஜார் வாங்கிக் கொடுத்தேன். மாமி இன்னும் பேசுகிறார், ஆனால் வேலை எதுவும் கொடுப்பதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45 என்பது 2000இல் வந்த ஒலி மாசு விதி. கதவைச் சாத்தி, சுவரில் பஞ்சுப்பலகை ஒட்டி, இரவு எட்டு மணிக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அவர் ஒருநாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “பாபு, ஈரோஜு மீ மிஷன் பாட்ட பாடுதோந்தி” என்றார். இன்று உங்கள் மெஷின் பாடுகிறது என்று. புகார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். போய்ப் பார்த்தால், கட்டரை அளவுக்கு மேல் வெளியே நீட்டிப் பூட்டியிருந்தேன், அது அதிர்ந்து கீச்சிடுகிறது. பாகத்தின் பக்கச் சுவரெல்லாம் வரிவரி. அவருக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது, காது மட்டும் உண்டு. இப்போது சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

நான் ஒழுங்காகச் செய்த காரியம் ஒன்றும் இருக்கிறது. வீட்டு மீட்டரில் பழகிப் பார்க்கலாம், காசு வாங்கித் தொழில் செய்யக் கூடாது; அதற்குத் தனி இணைப்பு வேண்டும். அதை வாங்கிய பிறகே முதல் பில் போட்டேன். உத்யம் பதிவும் செய்துகொண்டேன், கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் வருஷ விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால்தான் குறுந்தொழில். எல்லையைத் தாண்டிவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கம் கெட்டதில்லை.

காசு பேச்சு வந்துவிட்டதால் முக்கியமான மடத்தனத்துக்கு வருகிறேன். நாச்சாரத்துக் கட்டைக்கு விலை கேட்டார்கள். ஒரு கட்டை வெட்ட 14 நிமிஷம் என்று கணினி சொன்னது. 14 நிமிஷத்துக்கு விலை சொன்னேன். மலிவாக இருக்கிறதே என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீளக் கம்பியை வாளில் துண்டு போடுவது, நாலு பக்கமும் சதுரம் பார்ப்பது, வைஸில் பூட்டி டயல் கேஜ் வைத்து மட்டம் பார்ப்பது, மூலையைத் தொட்டுக் கணினிக்குக் காட்டுவது, ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் பூட்டி மறுபடி எல்லாம், பிறகு பிசிறு எடுப்பது. வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அலுமினியப் பிசிறு கையைக் கிழிக்கும். ஒவ்வொரு விளிம்பாக, ஒவ்வொரு ஓட்டையாக அரத்தாலும் சுரண்டியாலும் எடுக்க வேண்டும். அப்புறம் கழுவுவது, அளப்பது, தாளில் சுற்றுவது, கொண்டுபோய்க் கொடுப்பது, காசுக்கு நடப்பது. இத்தனையில் மெஷின் செய்தது 14 நிமிஷம். மீதி நான். எனக்கு வேலை செய்ய ஒரு தானியங்கி வாங்கினேன் என்று நினைத்தது தப்பு. அதற்கு எடுபிடி வேலை செய்ய ஒரு ஆள் சேர்ந்திருக்கிறான். சுற்றுகிற கட்டரின் அடியில் உலோகத்தை நகர்த்துவது மட்டும்தான் இந்தத் தொழிலில் முன்பே சுலபமாக இருந்த பகுதி. பார்த்துப் பார்த்து அதைத்தான் காசு போட்டு தானியங்கி ஆக்கியிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். “கண்ணு, மெஷின் ஓடறதுல ஒண்ணுமே இல்லீடா. பீஸைப் புடிக்கறதுலதான் எல்லாம் இருக்குது. ஒருக்கா புடிச்சா மறுக்கா அளக்கற வேலை இருக்கப்படாது. அதுக்கு மொதல்ல புடி பண்ணு, அப்பறம் பீஸு பண்ணு” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை என் லீவு நாட்களிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாராம். நான் கேட்கவில்லையாம். அவர் சொன்னபடி அந்தக் கட்டையின் வடிவத்தையே அலுமினியத் தாடையில் குடைந்து, தட்டினால் அதே இடத்தில் போய் உட்காரும் பிடி ஒன்றைச் செய்தேன். திருப்பிப் பூட்டும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஆர்டருக்கு ஒழுங்கான விலை சொன்னேன். அந்த ஆர்டர் வரவில்லை.

இன்னொரு கதை, சுருக்கமாக. ஒரே ஒரு ஷாஃப்ட் வேண்டும், என்னிடம் லேத் இல்லை. குஷாயிகுடாவில் பழைய எச்.எம்.டி. லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அலுமினியம் வெட்டுகிற மெஷின் என்னிடமும் உண்டு என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டேன், கம்ப்யூட்டர் மெஷின் என்று அழுத்தி. அவர் என் படத்தை வாங்கிப் பார்த்தார், கம்பியைச் சக்கில் பூட்டினார், டீ வரச் சொன்னார். டீ வருவதற்குள் ஷாஃப்ட் வந்துவிட்டது. அளந்து பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. “ஒக்க பீஸுக்கு கம்ப்யூட்டர் எந்துகு சார்?” என்றார். ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஆயிரத்துக்கு வேண்டும் என்பது சரி. எனக்கு வருவதெல்லாம் இருபது, முப்பது. அவருக்கும் ஃபானுக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் ஒரு ஷெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ராய்துர்கத்தில் 2023 மார்ச்சில் திறந்த டி-வொர்க்ஸ் இருக்கிறது. அரசு கட்டியது, 78,000 சதுர அடி, என்னுடையதைவிடப் பல மடங்கு பெரிய மெஷின்கள், சொல்லிக்கொடுக்க ஆட்கள், கட்டணம் கட்டினால் யாரும் போய் வேலை செய்யலாம். மெஷின் வாங்கும் ஆசை வந்தவர்கள் முதலில் அங்கே போய் ஒரு பாகம் வெட்டிப் பாருங்கள். நானும் போனேன், மெஷின் வாங்கிய பிறகு.

அப்படியும் மெஷினை விற்கும் யோசனை இல்லை. யாராவது நல்ல விலை சொன்னால் யோசிக்கலாம், யாரும் சொல்லவில்லை. எனவே, செர்லபள்ளி, நாச்சாரம், மௌலாலி பக்கம் உள்ள வாசகர்களில் யாருக்காவது 6204 பேரிங்குக்கு அலுமினிய வீடு வேண்டுமென்றால் சொல்லுங்கள். பிடி தயாராக இருக்கிறது. 20 டிகிரிக்குக் கணக்குப் போட்டு, குழி 47.000க்கும் 47.025க்கும் நடுவில் இருக்கும் என்று எழுதியே தருகிறேன். தேதி மட்டும் கேட்காதீர்கள், விலை 14 நிமிஷத்துக்கு இல்லை.